நூற்றுப் பன்னிரண்டு பெயர்கள்

"முப்பத்தொரு வரிசமா நன்றியுரை சொல்லி வாறன். 'என்ட பேரு விடுபட்டுட்டு' எண்டு இந்தக் கரையில ஒரு ஆள் எழும்பிச் சொல்லட்டும், அண்டைக்கே மைக்கத் தொடுறத்த உட்டுர்றன்."

அப்துல் ஸமட் சேர் இதைச் சொன்னது சாய்ந்தமருதில் ஒரு தேநீர்க் கடையில். கடையிலிருந்த ஏழு பேரில் ஒருவரும் எழும்பவில்லை. எழும்ப வழியுமில்லை. ஏழு பேருக்கும் அவர் ஏதோ ஒரு மேடையில், ஏதோ ஒன்றுக்காக நன்றி சொல்லி முடித்திருந்தார்.

எல்லோரும் சேர் என்று அழைத்தாலும் அவர் படிப்பித்தவரல்ல. கூட்டுறவுக் கடையொன்றில் கணக்கெழுதும் இலிகிதராக இருந்து ஓய்வு பெற்றவர். வரவேற்புரைக்கு ஊரில் ஆட்களுக்குக் குறைவில்லை. தலைமையுரைக்கு அடிபாடே நடக்கும். நன்றியுரை வரும்போது மண்டபத்தில் மிஞ்சுவது மின்விசிறிகளும் கதிரை அடுக்குகிற ஆட்களும்தான். அந்த நேரத்துக்கென்று தன்னை ஒப்புக்கொடுத்தவர் சேர்.

இது சின்ன வேலையல்ல. வாக்காளர் இடாப்பில் பெயர் விடுபட்டவர்கள் இந்தப் பக்கம் நிம்மதியாக வாழ்கிறார்கள். நன்றியுரையில் விடுபட்டவர்கள் அப்படியல்ல. மருதமுனையில் வேறொருவர் நன்றி சொன்ன விழாவில் கதிரை கொடுத்தவரின் பெயர் தவறிப்போனது. அவர் உடனே கதிரைகளை எடுத்துப் போனார். சில கதிரைகளில் அப்போது ஆட்கள் இருந்தார்கள்.

ஸமட் சேரிடம் அப்படி நடக்காது. விழாவுக்கு ஒரு மணித்தியாலம் முந்திப் போய் வாசலில் நிற்பார். யார் வயர் இழுத்தது, யார் தண்ணீர்ப் போத்தல் இறக்கியது என்று எல்லாவற்றையும் எழுதிக்கொள்வார். ஒருமுறை, காணாமற்போன ஆட்டைத் தேடி வாசலில் எட்டிப் பார்த்த ஒரு மனிதருக்கும் 'எமது அழைப்பையேற்று வருகை தந்தமைக்காக' நன்றி கிடைத்தது. அதன்பிறகு அவர் ஆடு தொலையாமலே எல்லா விழாவுக்கும் வந்தார். தன்னுடைய கலியாணத்திலும் மாப்பிள்ளைக் கதிரையிலிருந்து எழும்பி நன்றி சொன்னவர் சேர்தான். மனைவி நஸீறாவின் பெயர் பதினேழாவதாக வந்தது. நஸீறா அதை இன்னும் மறக்கவில்லை. ஆனால் விடுபட்டதென்று அவராலும் சொல்ல முடியாது.

இப்படிப்பட்டவரைத்தான் கைருன்னிஸா டீச்சர் தன்னுடைய லீவுக் கேம்ப்புக்கு அழைத்தார். ஓகஸ்ட் விடுமுறையில் பத்து நாள். கரைவலை இழுப்பவர்களின் பிள்ளைகள், கூலிக்குத் தறி நெய்பவர்களின் பிள்ளைகள், உம்மா வெளிநாட்டில் வீட்டுவேலைக்குப் போன பிள்ளைகள் என்று நாற்பத்து மூன்று பேர். கட்டணமில்லை, படிப்பித்த ஆறு தொண்டர்களுக்குச் சம்பளமுமில்லை. அரிசி, பந்து, வரைதல் தாள் எல்லாம் கேட்டு வாங்கியவை. கொடுத்த எல்லோரும் "நமக்குப் பேரெல்லாம் எதுக்கு" என்றார்கள். பிறகு முதலெழுத்துகள் சரியா என்று பார்த்துத் திருத்திக் கொடுத்தார்கள். பத்து நாளும் பிஸ்கட் கொடுத்த ஜவாத் ஹாஜியார், தன் பெயருக்கு முன்னால் 'கொடைவள்ளல்' வர வேண்டுமென்று மாத்திரம் அடக்கமாகக் கேட்டுக்கொண்டார். பட்டியல் நூற்றுப் பன்னிரண்டு பெயர்களில் நின்றது.

பிள்ளைகளுக்கு வேண்டியிருந்தது யானை. வயலுக்கு வந்து போன யானையின் காலடியை அவர்கள் பார்த்திருக்கிறார்கள், யானைவெடிச் சத்தத்தை வீட்டுக்குள்ளிருந்து கேட்டிருக்கிறார்கள், யானையைக் கண்டதில்லை. கடைசி நாள் விழா முடிந்ததும் எல்லோரையும் இங்கினியாகலக் குளத்துக்குக் கூட்டிப்போவதாக டீச்சர் வாக்குக் கொடுத்திருந்தார். பின்னேரத்தில் அங்கே யானைகள் தண்ணீருக்கு இறங்கும். பஸ்ஸும் கிடைத்தது, அந்த ஒரு பின்னேரத்துக்கு மட்டும்.

ஒன்பது மணிக்கு வரவேண்டிய பிரதம அதிதி பதினொன்றே முக்காலுக்கு வந்தார். பதினொரு பேர் பேசினார்கள். பிள்ளைகள் நாளைய தலைவர்கள் என்பதில் பதினொரு பேருக்கும் கருத்து வேறுபாடில்லை. நாளைய தலைவர்களில் பலருக்கு ஒன்றுக்கு வந்திருந்தது. பொன்னாடை போர்த்தி, படம் பிடித்து, சோற்றுப் பார்சலும் கொடுத்து முடிய மணி இரண்டு பத்து. மிச்சமிருந்தது நன்றியுரை.

பஸ் சாரதி பிரசாந் தம்பிலுவில்காரர். மேடைக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"சேர், ரெண்டரைக்கு எடுக்காட்டி ஆனையப் பாக்க ஏலாது. இருட்டத்தான் பாத்திட்டு வரலாம்."

டீச்சர் சேரின் பக்கம் திரும்பினார். "சேர், இண்டைக்கு மட்டும் கொஞ்சம் சுருக்குங்களன்."

"சுருக்குறெண்டா ஆர வெட்டச் சொல்றீங்க?"

"எல்லாரையும்."

"நல்ல கத கதைக்கிறீங்க டீச்சர். நாளைக்கி நான் ரோட்டால போறல்லயா?"

"ஆன நாளைக்கும் வரும், சேர். பஸ் வராது."

சேர் மனதுக்குள் கணக்குப் பார்த்தார். நூற்றுப் பன்னிரண்டு பெயர், பட்டங்களோடு, ஆளுக்கு இருபத்திரண்டு செக்கன். நாற்பத்தொரு நிமிடம். ஹாஜியார் முன்வரிசையில் பொன்னாடையைக் கழற்றாமல் காத்திருந்தார்.

பிள்ளைகள் செருப்பைப் போட்டுக்கொண்டு, ஒருவர் தோளை மற்றவர் பிடித்து வரிசையாக நின்றார்கள். முன்னால் நின்றவள் றிபா, ஒன்பது வயது. வாப்பா கரைவலைக்குப் போகிறவர். மேடைப் படியருகே நின்ற சேரைப் பார்த்துக் கேட்டாள்.

"சேர், ஆன நமக்காக நிக்குமா?"

சேர் கையிலிருந்த தாள்களைப் பார்த்தார். நான்கு பக்கத்திலும் யானை எங்குமில்லை.

மேடையேறினார். மைக்கைத் தன் உயரத்துக்கு இறக்கினார். பிஸ்மி சொன்னார். ஸலவாத்துச் சொன்னார். தொண்டையைச் செருமினார். கதிரை அடுக்குகிறவர்கள்கூட வேலையை நிறுத்தி, தங்கள் முறை எப்போது வருமென்று காதைக் கொடுத்தார்கள்.

"வந்த, தந்த எல்லாருக்கும் ஜஸாக்கல்லாஹு ஹைரா. புள்ளயள், பஸ்ஸில ஏறுங்க."

அந்த ஒரு நன்றியோடு மைக்கை நிறுத்தினார்.

முன்வரிசை அசையவில்லை. அதை முன்னுரை என்று நினைத்து இருந்தார்கள். பிள்ளைகளுக்கு அப்படிச் சந்தேகம் ஏதும் வரவில்லை; நாற்பத்து மூன்று சோடிச் செருப்பும் ஒரே நேரத்தில் வாசலைத் தாண்டின. பிரசாந் பஸ்ஸை எடுத்தபோது மணி இரண்டு இருபத்தாறு.

ஜவாத் ஹாஜியார் எழும்பி மேடையடிக்கு வந்தார்.

"சேர், நம்முட பேரு...?"

"விடுபட்டுட்டு, ஹாஜியார்" என்றார் ஸமட் சேர்.