அழித்த விடைகள்

நான் இப்போது வாழும் அஹுன்ட்சிக் நகர்ப்பகுதியில் எனக்குக் காலை. திரையில் என் மாணவி லின், நாளை சீனாவில் எழுதப்போகும் ஆங்கிலப் பரீட்சைக்காக இடைவெளிகளை நிரப்பிக்கொண்டிருந்தாள். எழுதுமுன் ஒவ்வொரு முறையும் புத்தகத்தை விளக்குப் பக்கம் சரித்தாள்.

சிறு வயதில், யாழ்ப்பாணத்தில், என் அக்காவின் பழைய பயிற்சிப் புத்தகத்தைத்தான் எனக்குத் தருவார்கள். அக்கா எழுதியிருந்த விடைகளை அம்மா அழிறப்பரால் தேய்த்துத் தள்ளுவார். மேசையெல்லாம் ரப்பர் வாசம். ஆனால் பென்சில் அழுத்திய தடம் போகாது. ஜன்னல் வெளிச்சத்தில் சரித்துப் பார்த்து, அதன் மேலேயே எழுதுவேன்.

“என்ரை பிள்ளை ஒண்டும் பிழை விடேல்லை” என்று அம்மா பக்கத்து வீட்டுக்காரருக்குச் சொல்லுவார்.

பரீட்சை நாளன்று வினாத்தாளையும் அப்படியே சரித்துப் பார்த்தேன். ஒரு தடமும் இல்லாமல் வழுவழுவென்று இருந்தது.

“லின், அது யாருடைய புத்தகம்?”

“அக்காவுடையது, டீச்சர். நான் ஒன்றும் பிழை விடவில்லைதானே?”

அவளுக்குப் பின்னால் அவளுடைய அம்மா பெருமையாகச் சிரித்துக்கொண்டு நின்றார்.