பூட்டக்கா போனில் முளைத்த வால்கள்

நான் விடுதிச் சமையல்காரி. அன்றன்று என்ன சமைக்க வேண்டும் என்பதை வார்டனம்மா போனில் எழுதி அனுப்புவார். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் அடுப்பில் இருப்பது அடிபிடித்துவிடும். யாரிடமும் கேட்கக் கூச்சம். ஒருநாள் வாசலில் காவல் இருக்கும் பூட்டக்கா, "உன் போன் ஏதோ கரகரங்குது, குடு" என்று வாங்கிப் போனாள். திரும்பி வந்த போன், வருகிற செய்தியைத் தானே சத்தமாக வாசித்தது.

"எனக்குத்தான் கண்ணு மங்குது. அதான் படிச்சுக் காட்டுறத முதல்ல இவ போன்ல போட்டுப் பாத்தேன்" என்று எல்லார் காதிலும் விழும்படி சொன்னாள். அவளுக்காவது கண் மங்குவதாவது! பருந்துக்கே பாடம் எடுப்பாள்.

வீட்டில் அடி தாங்காமல் ஓடி வந்த பெண்கள் தங்கும் விடுதி எங்களுடையது. அவர்கள் பின்னாலேயே புருஷன், அண்ணன், மாமனார் என்று யாராவது வந்து கேட்டை உதைப்பார்கள். பூட்டக்காவின் தாடையே ஒரு பக்கம் கோணல். கேட்டால், "எங்க வீட்டுக்காரர் ஸ்டூலால பண்ணின தச்சு வேலை" என்பாள். ஒருவன் சுவர் ஏறிக் குதிக்கப் பார்த்தபோது காலைப் பிடித்து இழுத்துக் கீழே போட்டாள். மூக்கு உடைந்து சட்டையெல்லாம் ரத்தம். துடைக்கத் துணி கொடுத்ததும் அவள்தான்.

"அடிக்கறது பாவம், அக்கா" என்றேன்.

"நீ பிரார்த்தனை பண்ணு, நான் அடிக்கிறேன். கடவுளுக்கு ரெண்டு பேரும் வேணும்."

வந்தவன் யார், என்ன சொல்லி மிரட்டினான் என்பதை அவ்வப்போது குறித்து வைத்தால்தான் போலீசில் பேச்சு எடுபடும். அதற்காகப் போனில் குறிப்பு எழுதும் ஆப் ஒன்றை வைத்திருந்தாள். வெறும் ஆப் போதவில்லை. ஒரு கையில் தடி, மறு கையில் சாவிக்கொத்து, எதால் எழுதுவது? போன் கடைக்காரர் அதில் கூடுதல் வசதிகளை ஒவ்வொன்றாகச் சேர்த்துக் கொடுத்தார். பூட்டக்கா அவற்றை வால் என்பாள். வாயால் சொன்னால் எழுதிக்கொள்ளும் வால் ஒன்று. வண்டியைப் படம் பிடித்தால் நம்பரைப் படித்து, இது முன்னாலும் வந்த வண்டி என்று சொல்லும் வால் இன்னொன்று.

கடைசியாக முளைத்த வால்தான் எங்களைப் படுத்தி எடுத்தது. ஒரு குறிப்பிட்ட சொல் அதன் காதில் விழுந்தால், அந்த நேரக் குறிப்பு முழுவதையும் வார்டனம்மாவுக்கும் காவல் நிலையத்துக்கும் அனுப்பிவிடும். அவள் கொடுத்த சொல், "கேட்டைச் சாத்து!"

காவல்காரி வாயில் அது வராத நாள் உண்டா? பால்காரர் போனால் கேட்டைச் சாத்து, வேலைக்குக் கிளம்பும் பெண்கள் போனால் கேட்டைச் சாத்து. ஒவ்வொரு முறையும் செய்தி பறந்தது. காவல் நிலையத்திலிருந்து போலீஸ்காரம்மா கூப்பிட்டார். "ஏம்மா, உங்க கேட்டைச் சாத்தறதுக்கும் நாங்கதான் வரணுமா?"

"வேற சொல்லு வச்சுக்கயேன்" என்று வார்டனம்மா சலித்துக்கொண்டார்.

"ஆபத்துல தானா வர்ற சொல்லுதாம்மா உதவும். யோசிச்சுச் சொல்றதுக்குள்ள கழுத்த அறுத்துருவான்."

அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆனால் வார்டனம்மா தன் போனில் அந்தச் செய்திக்கு வரும் சத்தத்தை நிறுத்திவிட்டார். காவல் நிலையத்திலும் நிறுத்தியிருப்பார்கள்.

அப்போது எங்களிடம் ஒரு தையல்காரப் பெண் இருந்தாள். லாரி ஓட்டும் அவள் புருஷன், திரும்பி வராவிட்டால் வெட்டிப் போடுவேன் என்று இரண்டு முறை வாசலில் வந்து கத்திவிட்டுப் போனவன். ஒரு சாயங்காலம் அவள் முற்றத்துக் கொடியில் காய்ந்த துணி எடுத்துக்கொண்டிருந்தாள். ஹெல்மெட் போட்ட ஒருவன் பைக்கில் வந்து, பார்சல் என்றான். கேட் ஒருக்களித்துத் திறந்திருந்தது. பூட்டக்கா வழக்கம்போல வண்டியைப் படம் பிடித்தாள். முன்பு அந்த லாரிக்காரன் வந்த அதே பைக் என்று போன் சொன்னது.

"கேட்டைச் சாத்து!" என்று அலறினாள்.

செய்தி போனது. யாரும் பார்க்கவில்லை. சமையலறையில் இருந்த எங்கள் காதிலும் விழுந்தது, பூட்டக்கா பாட்டு ஆரம்பித்துவிட்டாள் என்று சிரித்தோம்.

அவன் பார்சலுக்குள்ளிருந்து அரிவாளை உருவினான். முதல் வெட்டு பூட்டக்காவின் தோளில். தடி விழுந்துவிட்டது. இரண்டாவது வெட்டை வெறுங்கையால் பிடித்தாள். விரல்கள் பிளந்தும் விடவில்லை. தலையால் அவன் நெஞ்சில் முட்டிக் கேட்டோடு சேர்த்து அழுத்தினாள். அவன் அவள் முடியைச் சுற்றிப் பிடித்து முகத்தைக் கம்பியில் மோதினான், மறுபடி மோதினான்.

"உள்ள ஓடுடி!" என்று ரத்தம் வழியும் வாயோடு கத்தினாள்.

அந்தப் பெண் ஓடவில்லை. கொடிக்கு முட்டுக் கொடுத்திருந்த இரும்புக் கழியைப் பிடுங்கி அவன் முழங்காலில் ஓங்கி அடித்தாள். எலும்பு நொறுங்க அவன் போட்ட அலறல் சமையலறை வரை கேட்டது. அப்போதுதான் நாங்கள் ஓடினோம். கீழே கிடந்தவனை அவள் விடவில்லை. முதுகில், கையில், வாயில் அடி விழுந்தது. மற்றப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். எத்தனை வருஷத்துக் கோபமோ, யார் யார் மேல் இருந்ததோ, எல்லாம் அவன் மேல் இறங்கியது. கழி அவன் தலைக்கு மேலே உயர்ந்தது.

பூட்டக்கா தவழ்ந்து போய் அவன் மேலேயே குறுக்கே விழுந்தாள். "போதும்டி. இவன் செத்தா உன்னத்தான் உள்ள போடுவாங்க. இவனுக்காகவா அங்க போகப்போற?"

கழி கீழே விழுந்தது. அதைத் தட்டிவிட்டது கடவுளின் கை என்றுதான் இன்றும் நம்புகிறேன்.

அவன் பிழைத்தான், ஜெயிலுக்கும் போனான். ஆஸ்பத்திரியில் பூட்டக்காவின் கையை எப்படியோ தைத்துவிட்டார்கள். ஆனால் விரல்கள் மடங்கவில்லை. கட்டுப் போட்டபடியே, அடுத்துக் காவலுக்கு வருபவளுக்கு விட்டுப்போகும் அந்தப் போனில் ஆபத்துச் சொல்லை மாற்றினாள். "வார்டனம்மா ரொம்ப அழகு" என்பது புதுச் சொல்.

"இது எதுக்குக்கா?"

"நம்ம விடுதியில இத யாரும் தவறிக்கூடச் சொல்லமாட்டாங்க." பக்கத்தில் நின்ற வார்டனம்மாவே சிரித்துவிட்டார். பிறகு அழுதார்.

சாவி திருப்ப முடியாத கையோடு காவல் வேலை பார்க்க முடியாது. அண்ணன் வீட்டுக்குப் புறப்பட்டாள். பெட்டியை நான் பஸ்ஸில் ஏற்றி வைத்தேன். வண்டி நகரும்போது ஜன்னலில் தலையை நீட்டிச் சொன்னாள்:

"அந்தத் தையல்காரப் பொண்ணு இன்னும் செருப்பு போட்டுக்கிட்டேதான் தூங்குறா. எந்நேரமும் ஓட வேண்டி வருமாம். இனிமே கழட்டிட்டுப் படுக்கச் சொல்லு, தங்கச்சி."