சாக்கு ஊசியால் தைத்த பந்து

எத்தனையோ ஊர்களில் சாக்குத் தைத்துப் பிழைத்திருக்கிறேன். என் தையல் பிரிந்தது என்று எந்த முதலாளியும் சொன்னதில்லை. அந்தத் தொழிலை நான் பழகியது புத்தூரில், ஒரு நாய்க்குட்டிக்காக.

அப்போது எனக்கு எட்டு வயது. வீட்டுக்கு ஒற்றைப் பிள்ளை. பள்ளிக்கூடத்துக்கு ஒருநாள் போனால் இரண்டு நாள் போகமாட்டேன். அப்படிப் போகாத ஒருநாளில்தான் குட்டி என் பின்னால் வந்து சேர்ந்தது. எங்களுக்கே ஒரு நேரம் சோறு, மறுநேரம் கூழ். அது என்ன தின்று வளர்ந்ததோ தெரியாது, ஆனால் கண்டதையெல்லாம் கடித்தது. அப்பாவை ஐயா என்றுதான் கூப்பிடுவேன்; அவரின் செருப்பு, கிணற்றுத் துலாக்கயிறு, கடைசியில் விற்கக் கட்டிவைத்திருந்த புகையிலைச் சிப்பம்.

“இனி ஒண்டைக் கடிக்கட்டும். சாக்குக்குள்ளை போட்டுக் கட்டிச் சாவகச்சேரிச் சந்தையிலை விட்டிட்டு வாறன்” என்றார் ஐயா. சொன்னால் செய்கிறவர்.

கடிப்பதற்குத் தனக்கென்று ஒரு சாமான் இருந்தால் அது மற்றதைத் தொடாது என்று எனக்குத் தோன்றியது. அம்மா ஊராருக்குச் சட்டை தைத்துக் கொடுப்பவர். வெட்டி எறிந்த துண்டுகளைப் பொறுக்கி, பஞ்சு திணித்து, தேங்காய் அளவில் ஒரு பந்து தைத்தேன்.

“துரை இப்ப தையல்காரர்” என்று ஐயா சிரித்தார்.

வேலியின் அடியில் நாய் பூனை நுழைகிற ஓட்டை ஒன்று இருந்தது. பொட்டு என்போம். குட்டி பந்தைக் கவ்விக்கொண்டு அந்தப் பொட்டால் அடுத்த வீட்டு வளவுக்குள் ஓடிவிட்டது.

அடுத்த வளவு சின்னம்மாவுடையது. அம்மாவின் கூடப்பிறந்த தங்கை. வேலிக் கதியால் கம்பு ஒரு சாண் தள்ளி நடப்பட்டது என்று ஐயாவும் சித்தப்பாவும் கத்தி தூக்கிய நாளிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை. நன்மை தின்மைக்கும் போவதில்லை.

பின்னேரம் பந்து திரும்பி வந்தது. என் தையல் பிரிந்திருந்த இடத்தில் ஊதா நிறத்தில் ஒட்டுப் போட்டு, மீன்முள் போலக் குறுக்கும் மறுக்குமாகத் தைத்திருந்தது. அம்மா தைப்பதும் அப்படித்தான்.

“நீங்களே அம்மா இதைத் தைச்சனீங்கள்?”

“நானில்லை.”

“அப்ப ஆர்?”

அம்மா அந்தத் தையலை விரலால் தடவிப் பார்த்தார். “நாயைத்தான் கேக்கவேணும் மோனை.”

அன்றிலிருந்து பந்து வேலையை அம்மாவே எடுத்துக்கொண்டார். எனக்கு விளங்காதது ஒன்றுதான். அம்மா தைத்த சட்டை கந்தலானாலும் தையல் விடாது; நாய்க்குத் தைத்தது மட்டும் ஒரே நாளில் வாய் பிளந்தது. ஒவ்வொரு முறையும் புது ஒட்டோடு, மீன்முள் தையலோடு திரும்பி வந்தது. ஒருமுறை வந்த ஒட்டு மெல்லிய வெள்ளைத் துணி. ஏதோ சின்னஞ்சிறு சட்டைக்கு வெட்டியதில் மிச்சம் போலிருந்தது. அம்மா அதைப் பார்த்தபடி சோறு அடிப்பிடிக்கும்வரை இருந்தார்.

அந்த வருடம் வேலி அடைக்கப் பனையோலை வந்து இறங்கியது. விடிந்தால் பொட்டு இருக்காது. அன்று காலைதான் வேலிக்கு அப்பால் ஒரு பச்சைப்பிள்ளை வீறிட்டு அழும் சத்தம் கேட்டது. அம்மா தன் பழைய சேலையில் மெத்தென்ற இடமாகப் பார்த்துக் கிழித்து, அதற்குள் ஒரு வசம்புத் துண்டைச் சுற்றிப் பந்துக்குள் வைத்தார்.

“வசம்பு ஏன் அம்மா?”

“நாய்க்கு உண்ணி வராது.”

மேலே நாலே நாலு தையல் போட்டுவிட்டுக் கிணற்றடிக்குப் போனார்.

பொட்டை அடைத்துவிட்டால் இனி யார் இதைத் தைத்து அனுப்புவது? பந்து பிரிந்தால் குட்டி மறுபடி செருப்பில் வாய் வைக்கும். பிறகு சாக்கு, சந்தை. ஐயாவின் சாக்கு ஊசியை எடுத்தேன். இரட்டைச் சணல் நூல். விரலில் இரத்தம் வரும்வரை நெருக்கி நெருக்கித் தைத்தேன். குட்டி அதைக் கவ்விக்கொண்டு போனது. பின்னேரம் வந்தது. பந்து போனபடியே வந்தது.

மறுநாள் ஐயா பொட்டுக்குப் பல்லுப் பல்லான பனங்கருக்குமட்டை வைத்து அடைத்தார். அம்மா பந்தைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்தார்.

“நீயே மோனை தைச்சனீ?”

“ஓம். இனிப் பிரியாது.”

சணல் நூலை நகத்தால் நெம்பிப் பார்த்தார்; அசையவில்லை. பிறகு, “நல்லாத்தான் தைச்சிருக்கிறாய்” என்று சொல்லிப் பந்தை என்னிடமே தந்தார். நான் செய்த எதையும் அம்மா நல்லது என்று சொன்னது அந்த ஒருமுறைதான். கண்டவர்களிடமெல்லாம் அதைச் சொல்லித் திரிந்தேன். குட்டியும் சந்தைக்குப் போகாமல் தப்பியது.

பத்து வருடம் கழித்து, வவுனியாவில் ஒரு நெல்லுக்கடையில் சாக்குத் தைத்துக்கொண்டிருந்தேன். முதலாளியின் பேரப்பிள்ளையைத் தூக்கிவந்து காட்டினார்கள். பிறந்து ஒரு மாதம். மணிக்கட்டில் கறுப்பு நூலில் வசம்பு கோத்துக் கட்டியிருந்தது.

“இதென்ன, உண்ணிக்கோ?” என்று கேட்டேன்.

கடை முழுவதும் சிரித்தது.