கடிக்காத மாடு

1. பச்சைப் புள்ளிகள்

இருட்டறையில் நுண்ணோக்கியின் கீழ் ஒரு பசுவின் மூளைத் துணுக்கு. ரேபிஸ் வைரஸ் இருந்தால் மட்டுமே ஒளிரும் சாயம் போட்டிருந்தேன். மாடு செத்து இரண்டு நாளாகியும், கறுப்பு நடுவே பச்சைப் புள்ளிகள் எரிந்துகொண்டிருந்தன.

மிருக வைத்தியர் அனுப்பிய படிவத்தில் 'கடிபட்டவர்கள்: இல்லை' என்றிருந்தது. அறிகுறிப் பகுதியில் இன்னொரு வரி: 'தொண்டையில் உருளைக்கிழங்கு சிக்கியதாக உரிமையாளர் நினைத்தார்.' அதைப் படித்ததும் சுகாதாரப் பரிசோதகரை அழைத்துக்கொண்டு ஜீப்பில் கிளம்பினேன்.

2. லயம்

இலங்கை மலையகத்தில் பூண்டுலோயாப் பக்கத் தேயிலைத் தோட்டம்; தொழிலாளர் வீட்டு வரிசையான லயம். பகல் பன்னிரண்டுக்கே பனிமூட்டம். சுகாதாரப் பரிசோதகர், "மாடு யாரையாச்சும் கடிச்சதா?" என்று கேட்டார். எல்லாரும் தலையாட்டி மறுத்தார்கள்.

நான் கேட்டேன்: "அது வாய்க்குள்ள யார் யார் கைய விட்டீங்க?"

ஆறு கைகள் உயர்ந்தன.

மாட்டுக்காரி புஷ்பம் அக்கா சிரித்தார். "கெழங்கு சிக்கிக்கிச்சின்னு நெனச்சோம் மிஸ். மொதல்ல நான்தான் முழங்கை வரைக்கும் விட்டேன். ஒண்ணுமே தட்டுப்படல. ஆனா தொண்டை கட்டுன மனுசன் மாதிரி கத்திக்கிட்டே இருந்துச்சி."

அவருடைய விரல்களைப் பார்த்தேன். கொழுந்து பறித்துப் பறித்து வெடித்த விரல்கள். எச்சிலில் வரும் வைரஸ் நுழைய அந்த வெடிப்பே போதும்.

3. புஷ்பம் அக்கா கேட்டவை

"மாட்டுக்கு வந்த அந்த ரேபிஸ் வைரஸு பூச்சியா மிஸ்?"

"இல்லக்கா. வெளிய கெடக்கிறப்ப தின்னாது, வளராது, குட்டியும் போடாது. நம்ம உடம்பு செல்லுக்குள்ள நுழைஞ்சா, அந்த செல்லையே வேல வாங்கித் தன்ன மாதிரி ஆயிரக்கணக்குல செஞ்சிக்கும். அப்புறம் நரம்பப் புடிச்சி மூளைக்கு ஏறும். வழியில வலி, காய்ச்சல் ஒண்ணும் காட்டாது."

"உசுரில்லங்கிறீங்க, உள்ள போனா வேல வாங்குதுங்கிறீங்க. பேய்க்கும் இதுக்கும் என்னங்க வித்தியாசம்?"

பாடப் புத்தக வரிகள்தான் மனதில் ஓடின. நாங்கள் வைரஸ்களைப் பிரிப்பது மரபுப் பொருளையும், அது பிரதியாகும் வழியையும் வைத்துத்தான். சிலவற்றின் ஆர்.என்.ஏ.யைச் செல் நேராகவே வாசித்துவிடும். ரேபிஸின் ஆர்.என்.ஏ. எதிர் இழை, செல்லால் அப்படியே வாசிக்க முடியாது. அதனால் பிரதியெடுக்கும் நொதியையும் அதுவே கையோடு கொண்டுவருகிறது. தட்டம்மையும் இன்ஃபுளுவென்சாவும் இதே பெரும்பிரிவுதான்.

புஷ்பம் அக்காவின் சிரிப்பு நின்றிருந்தது. "இப்ப எனக்குள்ள இருக்கா மிஸ்?"

"தெரியாதுக்கா. இப்பவே பார்த்துச் சொல்ல டெஸ்ட் இல்ல. இருக்குன்னு தெரியுற அன்னைக்கு ஊசி போட்டும் பிரயோசனமில்ல. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போயி போட்டாத்தான் தப்பலாம்."

அவர் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மற்ற ஐந்து பேரையும் அதட்டினார்: "என்னடி பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? ஏறுங்க ஜீப்புல!"

4. படிவம்

ஆறு பேரும் ஒரு ஊசிகூடத் தவறவிடவில்லை. எங்கள் படிவத்தில் இப்போது 'எச்சில் பட்டவர்கள்' என்று தனிக் கட்டம் இருக்கிறது. மாடு உள்ள வீட்டில் முதலில் கையைப் பற்றிக் கேளுங்கள், பல்லைப் பற்றிப் பிறகு.

புஷ்பம் அக்கா இன்றும் கொழுந்து பறிக்க மலைக்குப் போகிறார். அன்று அது அவருக்குள் நுழைந்ததா என்று எனக்குத் தெரியாது. யாருக்கும் இனித் தெரியவராது. எங்கள் வேலையில் நல்ல முடிவு என்பது இப்படித்தான் இருக்கும்.