தொண்ணூற்று நாலும் உப்புத் தண்ணீரும்

மலேசியாவில் எங்கள் வீட்டில் தினமும் காலையில் ஓர் இயந்திரம் என்னைப் பற்றி உரக்கப் பேசுகிறது. ரத்த அழுத்தம் பார்க்கிற இயந்திரம். என் மகன் சேகர் பிரிக்பீல்ட்ஸில் வேலை முடிந்து வரும் வழியில் வாங்கி வந்தான். கையில் பட்டையைச் சுற்றிப் பொத்தானை அமுக்கினால் ஒரு வெள்ளைக்காரி குரல் ஆங்கிலத்தில் எண்ணைச் சொல்லும். பக்கத்து வீட்டுச் சீன அம்மாவுக்கும் கேட்கும். நான் நாலாம் வகுப்புத் தமிழோடு நின்றவள். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்கமாட்டேன். அப்படிப்பட்டவளின் உள்விவகாரத்தை அது சபையில் வைக்கிறது: தொண்ணூற்று நாலு, ஐம்பத்தெட்டு.

ஊரில் இதைப் படிக்கிற நீங்கள் பதறிப்போய் எலுமிச்சம்பழமும் உப்பும் தேடுவீர்கள். பதற வேண்டாம். அது எனக்கு உள்ள எண். என் இருதயம் பலவீனமாகி, ரத்தத்தைச் சரியாகத் தள்ள முடியாமல் கிடக்கிறது. அதைத் தாங்கிப் பிடிக்க நாலு மாத்திரை. அந்த மாத்திரைகளே அழுத்தத்தையும் கொஞ்சம் இறக்கும். கண் இருட்டாமல், தலை சுற்றாமல் நடமாடுகிற வரைக்கும் தொண்ணூற்று நாலு எனக்குப் போதும் என்று கிள்ளான் ஆஸ்பத்திரியில் டாக்டர் சொல்லிவிட்டார். இந்த ஒரு வரியைக் கற்றுக்கொள்ள நான் சாவின் வாசல் வரை போய் வந்தேன். அனுப்பி வைத்தவர் என் வீட்டுக்காரரின் அக்கா, பாக்கியம் அண்ணி.

அண்ணி இங்கே பிறந்தவர். நீல ஐசி, அதாவது குடியுரிமை உள்ளவர். மலாய் படிப்பார், ஆங்கிலம் எழுத்துக்கூட்டுவார். நான் நாகப்பட்டினத்தில் கப்பலேறிக் கல்யாணப் பெண்ணாக வந்தவள். ஐம்பது வருஷம் ஆகப்போகிறது, இன்னும் குடியுரிமை இல்லாத சிவப்பு ஐசிதான். வந்த மறுநாள் நான் வைத்த முதல் சாம்பாரை அண்ணி ஒரு வாய் வைத்துப் பார்த்தார். சட்டியைத் தூக்கிப் போய், வந்திருந்த சொந்தக்காரர்கள் எல்லாரும் பார்க்க, தொட்டியில் கவிழ்த்தார். "ஏன்டி, ஒங்க ஊர்ல உப்பு விக்கறது இல்லையா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரரும் சிரித்தார். அன்றிலிருந்து அண்ணியின் நாக்குக்குத்தான் இந்த வீட்டில் உப்பு விழுந்தது. அவருக்கு ஒரு கை கூடவே வேண்டும்.

போன வருஷம் முதல் தடவை ஆஸ்பத்திரியில் இருந்து வந்தபோது, மருந்துப் பையில் எல்லாம் மலாயில் எழுதியிருந்தது. சேகர், "அத்தை பாத்துக்குவாங்கம்மா" என்று மாத்திரை டப்பாவை அண்ணியிடம் கொடுத்தான். என் உயிர் அன்றைக்கே கை மாறியது.

மூன்றாம் நாள் இயந்திரம் எண்ணைச் சொன்னது. அண்ணி முகத்தைச் சுளித்தார்.

"தொண்ணூத்தி நாலா? ரொம்ப லோ லா. இதுல பிரஷர எறக்கற மாத்திர வேற. இன்னும் எறங்குனா நீ அப்படியே போயிருவ."

"டாக்டரு நிறுத்தக் கூடாதுன்னு..."

"டாக்டரா இங்க இருக்காரு? நான் இருக்கேன். குடி."

தம்ளரில் எலுமிச்சைத் தண்ணீர், அடியில் கரையாத உப்பு. காலையும் மாலையும் குடித்தேன். அண்ணி எடுத்துத் தருகிற மாத்திரைகளில் இருதய மாத்திரை இரண்டு நின்றுபோயின. எனக்குத் தெரிந்தது. நான் கேட்கவில்லை. என் வாயின் லட்சணம் அதுதான்.

பத்தாம் நாள் செருப்பு காலில் ஏறவில்லை. படுத்தால் மூச்சு முட்டியது. நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். சேகர் காரில் தூக்கிப்போட்டுக்கொண்டு போனான். நுரையீரலில் நீர் கோத்திருந்தது. மலாய்க்கார டாக்டர், சின்னப் பெண், கட்டிலருகே வந்து மருந்தை நிறுத்தச் சொன்னது யார் என்று கேட்டார். மிஸ்ஸி என்று நாங்கள் கூப்பிடுகிற தமிழ் நர்ஸ் அதை எனக்குச் சொல்லி, என் பதிலுக்காக என் வாயைப் பார்த்தாள். எனக்கு மூக்கில் குழாய். அண்ணி முந்திக்கொண்டார்.

"அவளே தின்னாம போட்டுட்டா மிஸ்ஸி. ஊர்க்காரங்க அப்படித்தானே, இங்கிலீஷ் மருந்துன்னா பயம்."

டாக்டர் என்னை ஒரு பார்வை பார்த்தார். கெட்ட பிள்ளையைப் பார்க்கிற பார்வை. அந்தப் பார்வையைப் படுக்கையிலேயே மடித்து வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

வருவதற்கு முன் மிஸ்ஸியின் கையைப் பிடித்து, "எனக்குச் சொல்லு தாயி, தமிழ்ல எழுதிக்கறேன்" என்றேன். வாழ்க்கையில் நானாகக் கேட்ட முதல் காரியம் அது. அவள் டாக்டரைக் கேட்டுக் கேட்டுச் சொன்னாள். பழைய பிரஷர் மாத்திரை இருதயத்துக்கு உதவாது, அதை நிறுத்தியாயிற்று. மற்றதை ஒரே நேரத்தில் விழுங்காமல் காலை, மதியம், இரவு என்று பிரித்துக்கொள்ள வேண்டும். ஒன்றை மட்டும் பாதியாக வெட்டிப் போட வேண்டும். எடை தினம் பார்க்க வேண்டும். எழுந்து நிற்கும்போது தலை சுற்றினாலோ மயக்கம் வந்தாலோ உடனே சொல்ல வேண்டும், தானாக எதையும் நிறுத்தக் கூடாது. கடைசியாக ஒன்று சொன்னாள்: "உப்பு ரொம்பக் கொறைக்கணும் பாட்டி."

அந்த வார்த்தை என் காதில் தேனாகப் பாய்ந்தது.

வீட்டுக்கு வந்ததும் டப்பாவை வாங்கிச் சாமி அலமாரியில் வைத்தேன். உப்பு ஜாடியை அரிசி டின்னுக்குள் புதைத்தேன். அன்று மதியம் உப்பே போடாமல் சாம்பார் வைத்து, அண்ணிக்கு முதலில் ஊற்றினேன்.

"என்னாடி இது, வாயில வைக்க முடியல?"

"டாக்டரு சொன்னது அண்ணி."

"அது ஒனக்கு லா. எனக்கு என்னா வந்துச்சி?"

"ஒரே சட்டிதானே அண்ணி."

சேகர் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டான். அண்ணி சட்டியைப் பார்த்தார். கவிழ்க்கத் தெம்பில்லை, எண்பது வயது. சாப்பிட்டார். ஐம்பது வருஷப் பசி அன்றைக்கு எனக்கு ஆறியது.

அதோடு விடவில்லை. தினமும் என் கை முடிந்ததும் பட்டையை அவர் கையில் சுற்றினேன். நூற்று எழுபத்திரண்டு என்று வெள்ளைக்காரி கத்தினாள். பக்கத்து வீட்டுக்கும் கேட்கட்டும் என்று ஜன்னலைத் திறந்து வைத்தேன். ஆனால் இரண்டு மாதத்தில் அந்த எண் நூற்று முப்பத்தாறுக்கு வந்து நின்றது. கிளினிக்கில், "ஆன்டி நல்லா கன்ட்ரோல் பண்றீங்க" என்று அவரைப் பாராட்டினார்கள். நான் பழி வாங்கப்போய் அவருக்கு உடம்பு தேறிவிட்டது. அன்று முழுக்க எனக்கு ஆத்திரமாக இருந்தது.

போன மாதம் மாத்திரைகளையும் இயந்திரத்தையும் கட்டிக்கொண்டு ஊருக்குப் போனேன். தம்பி வீடு. மறுநாள் காலையில் பட்டையைச் சுற்றினேன். வெள்ளைக்காரி பேசியதும் வீடே கூடிவிட்டது. தம்பி மகள் எண்ணைத் தமிழில் சொன்னாள். தம்பி மனைவி செல்வி நெஞ்சில் கை வைத்துக்கொண்டு அடுப்படிக்கு ஓடி, ஒரு தம்ளரோடு வந்தாள்.

"ரொம்ப லோவா இருக்கு அண்ணி. உப்புப் போட்டு எலுமிச்சங்கரைசல், குடிங்க. அந்த மலேசியா மாத்திரையத் தூரப் போடுங்க."

அவள் கண் கலங்கியிருந்தது. அதில் பொய் இல்லை. கிள்ளானிலும் முதல் நாள் பாக்கியம் அண்ணி இதே பதற்றத்தோடுதான் தம்ளரை நீட்டினார் என்று எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. தண்ணீரை வேண்டுமானால் மன்னிக்கலாம். கட்டிலருகே சொன்ன பொய்யை மன்னிக்கமாட்டேன்.

செல்விக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. இடது கையில் காலை மாத்திரையின் பாதி, வலது கையில் அவள் கொடுத்த தம்ளர். எல்லாரும் என்னையே பார்த்தார்கள். மாத்திரையை எச்சிலோடு விழுங்கினேன். தம்ளரைக் குடிக்கவும் இல்லை, கீழே வைக்கவும் மனம் வரவில்லை. அவள் அந்தப் பக்கம் திரும்பும் வரை பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.