சாருக்குக் கேட்காத டேப்பட் சத்தம்

அவர் ஓய்வு பெற இன்னும் ஆறு வாரம்தான் இருக்கிறது என்று தெரிந்த அன்றுதான், என் காரின் என்ஜினைத் திறந்து பார்த்தே தீருவது என்று முடிவு செய்தேன். அவர் கிளம்பிப் போய்விட்டால் அதற்குப் பிறகு நான் எதைக் கண்டுபிடித்தும் பயனில்லை. ஆறு வாரத்துக்குள் அந்தச் சத்தத்தைக் கையில் பிடித்தாக வேண்டும்.

அவர் எங்கள் பராமரிப்புப் பிரிவின் மேலாளர். சென்னை ஓஎம்ஆர் சாலையில் எட்டு மாடி அலுவலகக் கட்டடம் ஒன்றின் தண்ணீர் மோட்டார், ஜெனரேட்டர், ஏசி எல்லாம் எங்கள் பொறுப்பு. நான் மெக்கானிக்கல் டிப்ளமோ படித்தவள். பதினேழு வருடமாக எந்திரங்களின் பக்கத்தில் நின்று வேலை பார்க்கிறேன். எந்த பேரிங் எந்த வாரம் போகும் என்பதைச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பின்னால் நடந்ததற்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

அவர் தன் பழைய காரை விற்கப் போகிறார் என்று கேள்விப்பட்டு நான்தான் போய்க் கேட்டேன். திருப்போரூரிலிருந்து தினமும் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்து அலுத்திருந்தது. என் கணவருக்கு ஒரகடத்தில் ஷிப்ட் வேலை என்பதால் வண்டி பார்க்க அவர் வரவில்லை. கேளம்பாக்கத்தில் மேலாளரின் ஃப்ளாட்டுக்கு நான் மட்டும் போனேன். போனபோது வண்டி கீழே ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. வெயிலாக இருக்கிறதே என்று ஏசி போட்டுக் குளிர வைத்திருப்பதாகச் சொன்னார். எவ்வளவு அக்கறை என்று நினைத்துக்கொண்டேன். என்ஜின் சூடாகிவிட்டால் சில சத்தங்கள் அடங்கிவிடும் என்பது எனக்குத் தெரியாததல்ல. மேலாளர் ஆயிற்றே என்று அன்று அதை யோசிக்கவில்லை. அவர் மனைவி மாடியிலிருந்து இறங்கி வந்து மோர் கொடுத்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தவரை மேலாளர் வேறு வேலை சொல்லி மேலே அனுப்பிவிட்டார்.

வண்டியை வாங்கிய மூன்றாவது வாரம், காலையில் எடுத்தவுடன் டிக் டிக் டிக் என்று ஒரு தட்டல் கேட்டது. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் தட்டலும் வேகமெடுத்தது. ஐந்து நிமிடம் ஓடியதும் அடங்கியது. மறுநாளும் அதேதான்.

அவரிடம் சொன்னேன். புகாராகக்கூடச் சொல்லவில்லை, உங்களிடம் இருந்தபோது இப்படி இருந்ததா சார் என்றுதான் கேட்டேன். மதியம் சாப்பாடு முடிந்து எல்லோரும் இருக்கும்போது கீழே வந்தார். பிரிவில் இருந்த நான்கைந்து ஆண்களையும் கூட்டிக்கொண்டு வந்தார். அப்போதுதான் அதே காரில் ஜெனரேட்டருக்கு டீசல் வாங்க வெளியே போய்விட்டுத் திரும்பியிருந்தேன், என்ஜின் சூடாக இருந்தது. பானெட்டைத் திறந்து எல்லோரும் காது வைத்துக் கேட்டார்கள். ஒன்றும் கேட்கவில்லை. காலையில் வந்து கேளுங்கள் சார் என்றேன்.

"எனக்கு ஒண்ணும் கேக்கலையேம்மா," என்றார். "டிக் டிக்னு உன் காதுக்குள்ளதான் கேக்குது. ஒரு நல்ல காது டாக்டரப் பாரு."

எல்லோரும் சிரித்தார்கள். அன்று மாலையிலிருந்து என் பெயர் டிக் டிக் மேடம்.

பெயர் வைத்ததை விட்டிருப்பேன். பதினேழு வருடத்தில் வேறு பெயர்களும் வைத்திருக்கிறார்கள். நடந்தது வேறு. ஒரு மாதம் கழித்து அடித்தளத்துத் தண்ணீர் மோட்டாரில் பேரிங் இரைச்சல் கேட்டது. ஒரு வாரம்கூடத் தாங்காது, உடனே மாற்ற வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். அவர் காகிதத்தை மேலாகப் பார்த்துவிட்டு, "இதுவும் டிக் டிக்கா?" என்று ஓரமாக வைத்தார். ஐந்தாம் நாள் மோட்டார் இறுகி நின்றது. எட்டு மாடியிலும் தண்ணீர் இல்லை. அடுத்த நாள் மேலிடத்துக்குப் போன அறிக்கையில், சரியாகப் பரிசோதிக்காதது நான் என்று எழுதியிருந்தார். நான் கொடுத்த காகிதம் எங்கேயும் இல்லை. என் கோப்பில் ஒரு எச்சரிக்கைக் கடிதம் ஏறியது. வேலையில் சேர்ந்து முதல் கடிதம்.

என் கணவர், விடு, ஆள் ரிட்டயர் ஆகப்போகிறார் என்றார். அதனால்தான் விட முடியவில்லை என்பதை அவருக்கு எப்படிப் புரியவைப்பது? மாலை போட்டுக்கொண்டு, நல்ல மனிதர் என்று நாலு பேர் சொல்லக் கேட்டுக்கொண்டு அவர் வீட்டுக்குப் போவதை நான் பின்வரிசையில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். காகிதம் தொலைந்துவிட்டது, மோட்டாரைப் பழைய இரும்புக்குத் தூக்கிப் போய்விட்டார்கள். அவர் பொய்க்கு என்னிடம் மிச்சமிருந்த சாட்சி அந்தக் கார் ஒன்றுதான்.

ஓஎம்ஆரில் இரண்டு ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். ஒருவர் பழைய வண்டி என்றால் அப்படித்தான் என்றார். இன்னொருவர் என்ஜினையே மாற்றச் சொன்னார். கடைசியில் எங்கள் அலுவலக வேன் டிரைவர் ஓர் ஆளைச் சொன்னார். மாமல்லபுரம் தாண்டி ஒரு மீனவர் குப்பத்தில், சவுக்குத் தோப்பை ஒட்டி ஷெட் போட்டிருப்பவர். என் வயதுதான் இருக்கும். படகு என்ஜின்தான் முக்கிய வேலை, கார்களும் பார்ப்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போனேன். வண்டி ஆறிக் குளிரும்வரை பானெட்டைத் தொட மாட்டேன் என்றார். அப்போதே அவர்மேல் நம்பிக்கை வந்துவிட்டது. இரண்டு மணி நேரம் கழித்து ஸ்டார்ட் செய்தார். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை என்ஜின் மேல் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்டார்.

"கேக்குதா?" என்று கேட்டேன்.

"இன்னாக்கா இப்படிக் கேக்கறீங்க? ரோட்டுல போறவனுக்கே கேக்கும். மூணாவது சிலிண்டராண்ட டேப்பட் போயிகீது."

புத்தகத்தில் வால்வு லிஃப்டர் என்று போட்டிருப்பதைத்தான் ஷெட்டுகளில் டேப்பட் என்கிறார்கள். குட்டிக் கிண்ணத்தைக் கவிழ்த்தது போல ஓர் இரும்புத் துண்டு. மேலே சுழலும் கேம் என்ற தண்டு அதை அழுத்த, அது கீழே வால்வை அழுத்தித் திறக்கும். உள்ளே ஆயில் நிரம்பி இடைவெளி விழாமல் பார்த்துக்கொள்ளும். தேய்ந்து ஆயில் நிற்காமல் போனால் இடைவெளி விழும். ஒவ்வொரு சுற்றுக்கும் கேம் அதன் தலையில் தட்டும். அதுதான் சத்தம்.

நானே கழற்றுகிறேன் என்றேன். தயங்கினார். என் வேலையைச் சொன்னதும் ஒத்துக்கொண்டார். முதலில் பழைய ஆயிலை வடித்தோம். வெல்லப்பாகு போல மெதுவாக இறங்கியது. நான் வாங்கிய பிறகு ஆயில் மாற்றவில்லை என்பதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தார்.

"இது காருக்கு ஊத்துற ஆயில் இல்லக்கா. லாரிக்கு ஊத்துறது. சத்தம் வெளிய தெரியக் கூடாதுன்னு தெரிஞ்சேதான் ஊத்திகிறாங்கோ. டேப்பட் இன்னும் தேஞ்சதும் அத்தாலயும் மறைக்க முடியல."

கையிலிருந்த ஸ்பேனரை அவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்கிறேன், உள்ளங்கையில் அச்சு விழுந்திருந்தது.

கடற்காற்று மணலை வாரிக்கொண்டு வந்தது. திறந்த என்ஜினுக்குள் ஒரு மணல் துகள் விழுந்தாலும் கெடுதல். கிழக்குப் பக்கம் ஈரத் தார்ப்பாய் கட்டினோம். மேல் மூடியைக் கழற்றினேன். கேமைச் சுழற்றும் டைமிங் செயின் நழுவாமல் கம்பியால் கட்டினோம். கேமைப் பிடித்திருக்கும் மூடிகளின் போல்ட்டுகளை வரிசை மாறாமல், ஒவ்வொன்றாகக் கால் சுற்று, அரைச் சுற்று என்று தளர்த்தினேன். ஒரே பக்கம் அவசரப்பட்டால் கேம் வளைந்துவிடும். ஒவ்வொரு டேப்பட்டும் அதனதன் குழிக்கே திரும்பப் போக வேண்டும் என்பதால் முட்டை அட்டையில் எண் எழுதி அடுக்கினோம். மற்றவற்றின் தலை கண்ணாடி மாதிரி இருந்தது. அழுத்தினால் கல் போல நின்றன. அந்த ஒன்றின் தலையில் மட்டும் பிறை போல ஒரு பள்ளம். கட்டைவிரலால் அழுத்தினால் பொதபொதவென்று இறங்கியது.

அவர் கையிருப்பில் இருந்த புதியதைச் சுத்தமான ஆயிலில் ஊறவைத்து, குழியைத் துடைத்துப் பொருத்தினேன். கேமில் தேய்ந்த கோடு ஒன்று இருந்தது, தடவினால் நகத்தில் தட்டவில்லை, இன்னும் ஓடும் என்றார். எல்லாவற்றையும் பூட்டி, சரியான ஆயில் ஊற்றி, ஒரு மணி நேரம் காத்திருந்து ஸ்டார்ட் செய்தோம். கொஞ்ச நேரம் தட்டியது. பிறகு ஆயில் ஏறி, அடங்கியது. கடல் இரைச்சல்தான் மிச்சம்.

பழைய டேப்பட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

"இத்த வச்சிகினு இன்னா பண்ணப் போறீங்க?"

ஒருவருக்குப் பரிசு கொடுக்க வேண்டும் என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். "உட்ருங்கக்கா. வண்டி சரியாயிடுச்சி இல்ல?" என்றார். நல்லவர்தான். ஆனால் அவருக்கு எச்சரிக்கைக் கடிதம் எதுவும் வந்ததில்லை.

பிரிவுபசார விழா அலுவலகத்தின் கூட்ட அறையில், ஒரு வெள்ளிக்கிழமை மாலை. டேப்பட்டைப் பெட்ரோலில் கழுவித் துடைத்து, வெள்ளிக் குங்குமச்சிமிழ் வாங்கியபோது கொடுத்த வெல்வெட் பெட்டியில் வைத்திருந்தேன். பேசியவர்கள் எல்லோரும் அவரது நேர்மையைப் பற்றிப் பேசினார்கள். அவரும் மனைவியும் மாலையோடு மேடையில் உட்கார்ந்திருந்தார்கள். மேடை என்றால் இரண்டு மேசையை ஒட்டிப் போட்டு, ஒரு மைக் வைத்ததுதான். பரிசுகளை மனைவிதான் வாங்கிப் பிரித்துக்கொண்டிருந்தார். என் பெட்டியைத் திறந்ததும், "வெள்ளியா?" என்று ஆசையாகக் கேட்டார்.

நான் மைக்கைப் பிடித்தேன். இரண்டு வாரமாகச் சொல்லிப் பார்த்த வரிகள்.

"இது சார் எனக்கு வித்த கார்ல இருந்த டேப்பட். சத்தம் போட்டது இதுதான். சார் காதுக்குக் கேக்கல. கண்ணுக்காவது தெரியட்டும்னு கொண்டு வந்தேன்."

சிலர் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். நான் விற்கும்போது நன்றாகத்தான் இருந்தது, அப்புறம் தேய்ந்திருக்கும், மேடம் ஓட்டுகிற விதம் அப்படி என்றார். சிரிப்பு பெரிதானது. ஒரு நொடி, தோற்றுவிட்டேன் என்றே நினைத்தேன். ஆறு வாரம் காத்திருந்து, அவருக்கு இன்னொரு ஜோக்கைக் கையில் எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

அப்போது அவர் மனைவி அவர் பக்கம் சாய்ந்து ஏதோ சொன்னார். ரகசியமாகத்தான் சொன்னார். நான் பேசிவிட்டு மேசையில் வைத்த மைக் அணையாமல் நடுவில் இருந்தது அவருக்குத் தெரியவில்லை.

"அந்தக் காலையில வர்ற சத்தமா? அதுக்குத்தான கெட்டி ஆயில் ஊத்த வச்சீங்க? அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிடுங்கன்னு நான் அப்பவே சொன்னேனே."

அறை முழுக்கக் கேட்டது. யாரும் சிரிக்கவில்லை. அவர் மைக்கை அணைக்கக் கை நீட்டினார், அது கீழே விழுந்து கீச்சென்றது. மனிதவளப் பிரிவிலிருந்து வந்திருந்தவர், சாப்பாடு தயார் என்று அவசரமாக அறிவித்தார்.

மேலாளரின் முகம் கறுத்துச் சுருங்கியதை நான் ஒரு நொடிகூட விடாமல் பார்த்தேன். அன்று பிரியாணியை இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன். கை கழுவும் இடத்தில் பின்னால் வந்து நின்றார். மாலையைக் கழற்றியிருந்தார்.

"உனக்கு இப்ப என்ன வேணும்?"

"கேட்டுச்சா கேக்கலையான்னு மட்டும் சொல்லுங்க சார்."

குழாயைத் திறந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டே, "கேட்டுச்சு. அப்பவே கேட்டுச்சு. மோட்டார் காகிதமும் என் டிராயர்லதான் இருந்துது. போதுமா?" என்றார்.

"பத்தாது சார்," என்றேன். "எழுதிக் குடுங்க."

அவர் எழுதிக் கொடுப்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கொடுத்தார். திங்கட்கிழமை கணக்கை முடிக்க வந்தபோது, பழைய காகிதத்தோடு இரண்டு வரி எழுதி என் மேசையில் வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல் போனார். அன்று மேடையில் அப்படி ஒன்று நடக்காமல் இருந்தால் கொடுத்திருக்கவே மாட்டார். எச்சரிக்கைக் கடிதத்தை ரத்து செய்ய நிர்வாகம் மூன்று மாதம் எடுத்துக்கொண்டது. அந்த இரண்டு வரியின் நகலை நான் இன்னும் வைத்திருக்கிறேன். மன்னித்துவிட்டாயா என்று என் கணவர் ஒருமுறை கேட்டார். இல்லை என்றேன். இப்போதும் இல்லை.

மேலாளரின் மனைவியை நினைத்தபோதுதான் கொஞ்சம் உறுத்தியது. அந்த அம்மா எனக்கு எந்தக் கெடுதலும் செய்யவில்லை. விழா நடந்து ஒன்பது நாள் கழித்து, கேளம்பாக்கம் சந்திப்பில் காய்கறிக் கடையில் எதிரே பார்த்துவிட்டேன். திரும்பிப் போக வழியில்லை. திட்டுவார், திட்டினால் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்று நின்றேன்.

"வண்டி இப்ப நல்லா ஓடுதா?" என்று கேட்டார்.

ஓடுகிறது என்றேன். உங்களை அப்படி மாட்டிவிட வேண்டும் என்று நினைக்கவில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். அது உண்மை. அவர் கத்திரிக்காய்களைப் புரட்டிச் சொத்தை பார்த்துப் பார்த்துத் தட்டில் போட்டார்.

"அன்னியிலருந்து அவர் என்கிட்ட பேசறதில்ல," என்றார். பிறகு, கடைக்காரரிடம் தட்டை நீட்டிக்கொண்டே, "முப்பத்திரண்டு வருஷத்துல இப்பதான் நான் டிவியில எனக்குப் புடிச்சத பாக்குறேன்," என்றார்.