ஆடாத ஸ்டாண்டு

புவனேஸ்வரி படியேறுகிறாள் என்றாலே கடைக்காரர்களுக்கு முகம் சுருங்கிவிடும். கத்தரிக்காயைக்கூட ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்து, கடைசியில் வேண்டாம் என்று போய்விடுவாள். ஐயம்பேட்டையிலிருந்து பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரர் வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்தே இப்படித்தான். ஊரில் பாதிப்பேர் ஏமாற்றுகிறவர்கள், மீதிப்பேர் அதற்குச் சமயம் பார்ப்பவர்கள் என்பது அவள் கட்சி. அதை முழுக்கத் தப்பு என்று சொல்லவும் முடியாது.

நூல் கொடுக்கும் முதலாளி, அவள் கணவன் சம்பந்தம் நெய்து கொடுத்த ஒவ்வொரு சேலையிலும் ஒரு குறை கண்டுபிடித்துக் கூலியில் கைவைப்பார். ஒருநாள் இவளுக்குப் பொறுமை போயிற்று. சொந்தமாகப் பட்டும் ஜரிகையும் வாங்கிப் போட்டு, சேலை தறியில் இருக்கும்போதே போனில் நேரலையாகக் காட்டி விற்க ஆரம்பித்தாள். முதலாளிக்கு இவள்மேல் பாய வழியில்லை. தன்னிடமே கூலிக்கு நெய்துகொண்டிருந்த சம்பந்தத்தின் அண்ணன் சிவராஜின் மேல் பாய்ந்தார். சில மாதம் அவருக்கு நூலே கொடுக்கவில்லை. அன்றோடு இரண்டு குடும்பத்துக்கும் பேச்சு நின்றது. கொடுமை என்னவென்றால் அண்ணன் தறியும் தம்பி தறியும் ஒரே கூடத்தில், காலை இறக்கி உட்கார்ந்து நெய்கிற பக்கத்துப் பக்கத்துக் குழியில் இருந்தன. அடுப்பைப் பிரித்தவர்களால் கூடத்தைப் பிரிக்க முடியவில்லை.

கோயம்புத்தூரிலிருந்து சுகாசினி என்ற அம்மாள் பேசியது அப்போதுதான். மகள் கல்யாணத்துக்கு வீட்டுப் பெண்கள் அத்தனை பேருக்கும் சேலை வேண்டும். ஆனால் முன்பு எங்கோ கைத்தறி என்று சொல்லி பவர்லூம் சேலையை அவர் தலையில் கட்டியிருக்கிறார்கள். அதனால் உடலும் கரையும் தனித்தனி நிறத்தில் கோர்க்கிற கோர்வை இடத்தைத் தறியிலேயே கிட்டத்தில் பார்க்க வேண்டும் என்றார். புவனேஸ்வரி ஜூம் செய்து காட்டினாள். படம் துள்ளியது.

“ஏனுங்க இப்படி ஆட்டி ஆட்டிக் காட்டுறீங்க? எதாச்சும் மறைக்கிறீங்களா?” என்று கேட்டுவிட்டார் அந்த அம்மாள்.

புவனேஸ்வரிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஊரையே சந்தேகப்படுகிறவளை ஒருத்தி சந்தேகப்படுகிறாள். இந்த ஆர்டர் கைவிட்டுப் போனால் மறுபடி முதலாளி வாசலில் போய் நிற்க வேண்டும். சிவராஜ் அதைக் கண்குளிரப் பார்ப்பார். அதற்குச் சாகலாம் என்று நினைத்தாள்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் கேமரா சாமான் கடை வைத்திருந்தவன் தாமல் ஊர்க்காரன் அர்ஜுனன். “போன் மாட்டற மாதிரி கேமரா ஸ்டாண்டு வேணும். ஆடக் கூடாது. விலையும் ஏறக் கூடாது” என்றாள்.

“ஆடாததுன்னா விலை ஏறும்மா. ரெண்டுல ஒண்ணு சொல்லு.”

விலைதான் என்றாள் அவள். பிளாஸ்டிக் மூட்டு வைத்த ஒன்று வந்தது. மறுநாளே அதைக் கொண்டுவந்து மேஜைமேல் போட்டாள். அலுமினியக் கால் வைத்த இன்னொன்றைக் கொடுத்து, “நடுக்கம்பியத் தூக்காத, காலை நல்லா விரிச்சு வை” என்றான். அதுவும் திரும்பி வந்தது. கடைசியில், தொழிலை விட்டுப்போன கல்யாண வீடியோக்காரர் ஒருவருடைய பழைய இரும்பு ஸ்டாண்டை உள்ளேயிருந்து இழுத்து வந்தான். தூக்கவே இரண்டு கை வேண்டும். புவனேஸ்வரி அதன் தலையில் ஓங்கித் தட்டினாள், உலுக்கினாள், தொங்கிக்கூடப் பார்த்தாள். அசையவில்லை. பழசு என்பதால் விலையும் இடித்துக் குறைத்தாள்.

வீட்டில் வைத்து ஜூம் செய்தாள். படம் துள்ளியது.

அடுத்த நாள் கடையில் ஆட்கள் நிறைந்திருக்கும் நேரமாகப் பார்த்துப் போய், “பொம்பளதானேன்னு மூணு தடவ ஏமாத்தறியா?” என்று கத்தினாள். அர்ஜுனனுக்கு மானம் போயிற்று. கடையை அப்படியே விட்டுவிட்டு வண்டியை எடுத்தான். “நடம்மா. உன் வூட்லயே வெச்சுப் பாக்கலாம். ஸ்டாண்டு ஆடிச்சின்னா குடுத்த காசு முழுசும் தர்றேன்.”

தறி இருக்கும் இடம் என்று செருப்பைக் கழற்றிவிட்டுக் கூடத்துக்குள் வந்தான். ஸ்டாண்டின் பக்கம்கூடப் போகவில்லை. பாதி வழியிலேயே நின்று தன் காலைப் பார்த்தான்.

“ஏம்மா, தரை அதிருதே, தெரியல?”

“எந்தத் தரை?”

“நீ நின்னுக்கினு இருக்கியே, இந்தத் தரைதான்.”

ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டு வாங்கிக் கீழே வைத்தான். பக்கத்துக் குழியில் சிவராஜ் இழையை நெருக்குகிற பலகையை இழுத்து அடிக்கும்போதெல்லாம் தண்ணீர் நடுங்கியது. சம்பந்தம் குனிந்து பார்த்துவிட்டு, “ஆமா, ஆடுது” என்றான், ஏதோ அடுத்தவன் வீட்டைப் பார்ப்பதுபோல. பிறந்ததிலிருந்து தறி அதிர்விலேயே உண்டு உறங்கியவன். இவளுக்கும் வந்த சில வருஷத்தில் அது மரத்துப்போயிருந்தது. மூன்று ஸ்டாண்டையும் குற்றம் சொன்னவளுக்கு, காலடியில் நடப்பது தெரியவில்லை.

“வூட்டப் பிடிச்சு நிறுத்தற ஸ்டாண்டு எங்கிட்ட இல்லம்மா” என்று சொல்லிவிட்டு அர்ஜுனன் போய்விட்டான்.

அப்போது குழிக்குள்ளிருந்து சிவராஜ் பேசினார். “இப்பத்தான் தெரிஞ்சிதா? மொத ஸ்டாண்டு வந்தப்பவே எனக்குத் தெரியும். உன் வீடியோவ நானும் பாத்துக்கினுதான் இருக்கறேன். நான் அடிக்கறப்ப எல்லாம் குதிக்குது.”

புவனேஸ்வரி பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள். “நாளைக்கு அந்தம்மா பாக்கறப்ப கொஞ்ச நேரம் நிறுத்துங்க மாமா.”

“என் தறி, என் கூலி. உனக்காக எதுக்கு நிறுத்தணும்?” என்றவர், அடுத்த அடியை இன்னும் ஓங்கி அடித்தார்.

அவர் இல்லாத நேரத்தில் காட்டலாமே என்றால், முற்றத்து வெளிச்சம் கூடத்துக்குள் விழுவது முற்பகலில்தான். அதில்தான் பட்டு நிறம் உள்ளது உள்ளபடி தெரியும். சிவராஜும் அந்த நேரத்தில் குழியை விட்டு ஏறமாட்டார். வேண்டுமென்றே ஏறமாட்டார்.

மறுநாள் சுகாசினி அம்மாள் நேரலையில் வந்தார். சம்பந்தம் தறியை நிறுத்தினான். பக்கத்துக் குழியில் அடி விழுந்துகொண்டே இருந்தது.

“மறுபடியும் ஆடுதுங்களே” என்றார் அந்த அம்மாள். குரலில் நம்பிக்கை விட்டுப்போயிருந்தது.

புவனேஸ்வரிக்கு வந்த ஆத்திரத்தில் ஸ்டாண்டைத் தூக்கி அந்தக் குழிக்குள்ளேயே போட்டிருப்பாள். போடவில்லை. பக்கத்துக் குழிக்குக் கேட்கும்படி உரக்கச் சொன்னாள்.

“ஆடத்தாம்மா செய்யும். பக்கத்துத் தறியில எங்க மூத்தார் நெய்ஞ்சிக்கினு இருக்காரு. அவர் அடிக்கற அடியிலதான் தரை அதிருது. சத்தத்தக் கேளுங்க. இழை அறுந்தா நிறுத்தறாரு, அப்பறம் அடிக்கறாரு. மெஷின் இப்படியா ஓடும்? இந்த வூட்ல கைத்தறியத் தவிர வேற எதுவும் இல்லன்றதுக்கு அவரே சாட்சி. எனக்காகத்தான் பாவம் இவ்ளோ கஷ்டப்பட்டு அடிக்கறாரு.”

சுகாசினி அம்மாள் சிரித்துவிட்டார். “அப்படிங்களா, நல்லா அடிக்கச் சொல்லுங்க. கேக்கறதுக்கே நல்லா இருக்குதுங்க.”

சத்தம் சட்டென்று நின்றது. சிவராஜ் கையிலிருந்த, ஊடை ஓட்டுகிற நாடாவை விசிறிப் போட்டார். குழியை விட்டு ஏறி, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

போனில் படம் அசையாமல் நின்றது. அரக்கு உடலும் பச்சைக் கரையும் இழைக்கு இழை கைகோத்திருப்பது தெரிந்தது. வாசலில் சிவராஜ் தெருவுக்கே கேட்கும்படி அவளைத் திட்டிக்கொண்டிருந்தார். புவனேஸ்வரி இன்னும் கொஞ்சம் ஜூம் செய்தாள்.